ரசாயன அறையின் ஜன்னல்

1. ஆய்வறை ஜன்னலைச் சாத்தினேன்.
2. பியூன் வந்து திறந்தார்.
3. கடற்காற்றில் என் உப்பு மறுபடியும் ஈரமாகிவிட்டது.

சாந்தோமில் இருக்கும் எங்கள் சிறிய கலாசாலையில் ஆராய்ச்சி செய்யும் பெண் நான் ஒருத்திதான். ஆய்வறையில் என்னுடன் இருப்பவர் என் பேராசிரியர் மட்டுமே. அந்த உப்பு உலர்ந்து படிகமானால்தான் எனக்குப் பட்டம். பியூனுக்கு நரைத்த மீசை, கலையாத தலைப்பாகை. நான் சாத்தும் ஜன்னலைத் திறந்துவிட்டுப் போவது அவர் வழக்கம். ஒருநாள் காரணம் கேட்டேன்.

“உள்ள நீங்களும் வாத்தியாரும் ரெண்டே பேரு. ஜன்னலயும் சாத்திக்கினா வெளில இன்னா பேசுவாங்கம்மா?”

“பேசுறவங்க பேசட்டும்.”

“உங்களுக்கு இன்னா, அது என் காதுலதான வுழுது.”

அவர் என்னைக் காத்தாரா, சந்தேகப்பட்டாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஜன்னல் திறந்தே இருக்கிறது. உப்பு இன்னும் உலரவில்லை.