செம்பருத்திச் சாறு

எங்கள் விஞ்ஞான டீச்சர் கொண்டையில் சிவப்புப் பேனா செருகியிருப்பார். கோபம் வந்தால் அதை உருவி, மூடியைத் திறந்து திறந்து மூடுவார்.

இலங்கையின் தெரணியகலைப் பக்கம் எங்கள் இறப்பர்த் தோட்டம். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் காலில் சொறி. இறப்பர்ப் பால் உறைய ஊற்றும் அசிட் ஓடையில் கலக்கிறதென்று முறையிட, டீச்சர் எங்களையும் கூட்டிக்கொண்டு தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனார்.

"தண்ணி நல்ல தண்ணி. ஒங்க ஆளுங்கதான் குளிக்கிறதில்ல," என்றார் துரை.

டீச்சர் பேனாவை உருவினார்.

அந்தத் தவணைக்கான விஞ்ஞானச் செயற்றிட்டமாக, அமிலம் பட்டால் சிவக்கும் செம்பருத்திச் சாற்றை எங்களை எடுக்க வைத்தார். கண்காட்சிக்குத் துரையையே பிரதம விருந்தினராக அழைத்தார். பெற்றோர் பார்த்திருக்க, பாடசாலைக் கிணற்றுத் தண்ணீரில் சாற்றை விட்டேன், ஊதாவாக நின்றது. ஓடையிலிருந்து லயத்துக்கு வரும் பீலித் தண்ணீரில் விட்டேன், இரத்தமாய்ச் சிவந்தது.

டீச்சர் சிவந்த கிளாஸைத் துரையிடம் நீட்டினார்.

"நல்ல தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க சேர்? பூச்சாறு ஒண்ணும் செய்யாது. குடிங்க."

"டீச்சர், இது..."

"எங்க புள்ளைங்க தெனமும் குடிக்குதுங்க."

துரை ஒரு மிடறு குடித்தார். டீச்சர் கிளாஸுக்குள் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் இருக்குங்க சேர்."

துரை குடித்து முடித்த பிறகே டீச்சர் பேனாவை எடுத்து எங்கள் செயற்றிட்டத்துக்குப் பத்துக்குப் பத்துப் புள்ளி போட்டார்.

டவுனிலிருந்து பஸ்ஸில் வந்துபோன டீச்சர் அந்தத் தண்ணீரை ஒருநாளும் குடித்ததில்லை. அவ்வளவு வன்மம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்றும் தெரியாது. அந்த "இன்னும் இருக்குங்க" மட்டும் இப்போதும் காதில் இனிக்கிறது.