மூன்றாம் சிரட்டை

பேச்சியம்மாள் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு வகுப்பறைக்குள் கால் வைத்தது, தன் மகள் ரோஜா மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதுதான். அதுவும் ஒரு பயற்று விதைக்குத் திருட்டுத்தனமாகத் தண்ணீர் ஊற்றியதைச் சொல்வதற்காக.

சங்கரன்கோவில் பக்கம் பிறந்தவள். வீட்டில் மூன்று பெண்கள், கடைசியாக ஒரு பையன். பெண்களைப் படிக்கவைக்கக் கையில் காசு இல்லை என்றார்கள். பையனைச் சேர்த்தபோது மட்டும் அது எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. அன்று அவளுக்குக் கேட்கத் தெரியாது. கேட்கத் தெரியாதவர்களின் பங்கைத்தான் இந்த நாட்டில் முதலில் வெட்டுகிறார்கள்.

கல்யாணமாகிக் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தாள். கணவன் சங்கிலிப்பாண்டிக்கு ஆலுவாப் பக்கம் சென்ட்ரிங் வேலை. சனிக்கிழமை சாயங்காலம்தான் வீட்டில் தலை தெரியும். அவளுக்குச் சுக்குக் கிடங்கில் வேலை. சலித்து, புடைத்து, பொடி போக்கித் தரம் பிரிப்பாள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்தக் காரம் விரலை விட்டுப் போகாது. அவள் வாசலுக்கு வருவதற்கு முன்பே, "அம்மா வந்தாச்சு" என்று மணத்தை வைத்தே ரோஜா சொல்லிவிடுவாள்.

அவர்கள் குடியிருந்தது ஒரு லைன் வீடு. ஐந்து குடித்தனம், ஒரு முற்றம், ஒரு குழாய். வீட்டுக்காரி கமலாக்ஷி சேச்சி முன்பக்கத்துப் பெரிய வீட்டில் இருந்தாள். சுற்றிலும் காயலும் கடலுமாகக் கிடக்கிற ஊர்தான். குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் குழாயின் வாயையே பார்த்திருக்க வேண்டும். அந்தக் குழாய்க்குக் கமலாக்ஷி சேச்சி பூட்டுப் போட்டிருந்தாள். வெள்ளென எழுந்து திறப்பாள், ஆளுக்கு நாலு குடம் பிடித்ததும் பூட்டிவிடுவாள். யாராவது முணுமுணுத்தால், "டாங்கி வற்றிப்போனா நீயா கொண்டுவந்து நிறைப்பே?" என்பாள். அவளுடைய தென்னங்கன்றுகளுக்கு மட்டும் ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

கிறிஸ்துமஸ் லீவு முடிந்து பள்ளி திறந்ததும் மூன்றாம் வகுப்பில் செடிகளைப் பற்றிய பாடம் ஆரம்பித்தது. வகுப்பு ஆசிரியர் ஜிதின் மாஷ், புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பு பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆளுக்கு மூன்று சிரட்டை, அதாவது தேங்காய்க் கொட்டாங்கச்சி. மூன்றிலும் ஒரே மண், ஒரே சிறுபயறு. முதல் சிரட்டைக்குத் தண்ணீரும் வெளிச்சமும் உண்டு. இரண்டாவதற்குத் தண்ணீர் உண்டு, வெளிச்சம் கிடையாது. அட்டைப் பெட்டியால் மூடிவைக்க வேண்டும். மூன்றாவது வெளிச்சத்தில் இருக்கும், ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடக்கூடாது.

"ஒண்ணை மட்டும் மாத்தணும். மத்ததெல்லாம் அப்படியே இருக்கணும். அப்பத்தான் எதனால எது நடக்குதுன்னு தெரியுமாம்" என்று ரோஜா அம்மாவுக்கு விளக்கினாள். எதற்கு என்ன உண்டு, என்ன இல்லை என்று சிரட்டைகளின் மேல் சாக்பீஸால் மலையாளத்தில் எழுதி அடுக்கினாள். மூன்றாவதை ஜன்னல் திட்டில் வைத்து, "இதைத் தொடவே கூடாது, கேட்டியா அம்மே?" என்றாள்.

"நான் எதுக்குட்டி தொடப்போறேன்?" என்றாள் பேச்சியம்மாள்.

மறுநாள் விடியற்காலை குடங்களை உள்ளே வைத்துவிட்டு ஒரு தம்ளர் தண்ணீர் குடித்தாள். கண் ஜன்னலுக்குப் போயிற்று. முதல் சிரட்டையில் மண் கறுத்துக் குளிர்ந்திருந்தது. பெட்டிக்குள் இருந்ததற்கும் தண்ணீர் விட்டாயிற்று. மூன்றாவதில் வெளிறிக் கிடந்தது. பாடத்துக்காகத்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. மூன்று பிள்ளைகளை உட்காரவைத்து இரண்டுக்கு மட்டும் இலை போடுவது என்ன நியாயம்? தம்ளரின் அடியில் மிச்சமிருந்ததை அதில் கவிழ்த்துவிட்டுக் கிடங்குக்குப் போய்விட்டாள். தினமும் அப்படியே செய்தாள். ரோஜா எழுவதற்குள் வேலை முடிந்துவிடும். பள்ளிக்கு ஓடுகிற அவசரத்தில் அவள் பார்ப்பதில்லை. சாயங்காலம் வந்து பார்க்கும்போது வெயிலில் மேல்மண் காய்ந்திருக்கும்.

வார முடிவில் மூன்றாம் சிரட்டையில் பயறு முளைத்தது.

ரோஜா துள்ளிக் குதித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். "சேச்சீ, வெள்ளமே ஊத்தலை, முளைச்சிருச்சு!" மலையாளப் பள்ளியில் பழகியதால் தண்ணீர் அவளுக்கு வெள்ளம்தான். கமலாக்ஷி சேச்சி முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தாள். பச்சையாக இரண்டு இலை. சேச்சியின் கை தானாகக் குவிந்தது.

"என்டெ பகவதீ! எந்தா இது பேச்சியே? உன் வீட்டுல தேவி வந்திருக்கா."

அன்று மாலைக்குள் சிரட்டைக்குக் குங்குமம் வைத்தாயிற்று. முன்னால் ஒரு விளக்கு. பக்கத்துத் தெருவிலிருந்தும் இரண்டு பேர் வந்து கும்பிட்டுப் போனார்கள். ஒரு விதை முளைத்தால் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று கேட்பதைவிட எந்தச் சாமி வந்தது என்று கேட்பது நமக்குச் சுலபமாக இருக்கிறது. பேச்சியம்மாள் வாயைத் திறக்கப் போன நேரத்தில் கமலாக்ஷி சேச்சி முந்தானையிலிருந்து சாவியை எடுத்தாள்.

"தேவி இருக்கிற முற்றத்துல வெள்ளத்துக்குப் பூட்டுப் போட்டா அவ பொறுப்பாளா? இனி குழாய் திறந்தே கிடக்கட்டும்."

திறந்த வாய் மூடிக்கொண்டது.

அந்த நாட்களில் லைன் வீட்டின் முகமே மாறிப்போயிற்று. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்து குளித்தன. கிடங்குத் தூசியோடு வந்த பெண்கள் தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள். அடுத்த வீட்டுக் கங்கா, போர்வைகளைக்கூடத் துவைத்துப் போட்டாள். அவளுக்கு விஷயம் தெரியும். ஒருநாள் விடியற்காலை தம்ளர் கவிழ்வதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள்.

"ஏ பேச்சி, உன் தேவிய நான் பார்த்துட்டேன். எவர்சில்வர் தம்ளர் வெச்சிருக்கா" என்று சிரித்தவள், உடனே குரலைத் தாழ்த்தினாள். "சாமி வந்துதோ பூதம் வந்துதோ, குழாய் திறந்திருக்கு. வாயைத் திறந்தே, உன்னை அந்தக் குழாய்லேயே கட்டிப்போட்டுருவேன்."

"நான் எதுக்குக்கா சொல்லப்போறேன்?"

சொல்லாமலே இருந்திருப்பாள். ஆனால் சிரட்டைகளைப் பள்ளிக்கு எடுத்துப்போன அன்று ரோஜா அழுத முகத்தோடு வந்தாள். வகுப்பில் வேறு யாருடைய மூன்றாம் சிரட்டையும் முளைக்கவில்லை. "ரோஜா கள்ளி. ராத்திரி வெள்ளம் ஊத்தியிருக்கா" என்று ஜெயலக்ஷ்மி என்கிற பிள்ளை சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. ஜிதின் மாஷ் மட்டும் சிரிக்கவில்லை. "பார்த்ததை எழுது. ஏன் இப்படி ஆச்சுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் யாரையும் கள்ளின்னு சொல்லக்கூடாது" என்றாராம்.

"நான் ஊத்தலம்மே. சத்தியமா ஊத்தல. நீ பார்த்தேல்ல?"

பேச்சியம்மாள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "ஊத்தலட்டி, எனக்குத் தெரியும்" என்றாள். சொன்னது உண்மைதான். எரிகிற விறகை உள்ளே தள்ளினாள்.

மறுநாள் சாயங்காலம் ரோஜா சிரட்டைக்கு முன்னால் உட்கார்ந்து குங்குமத்தை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மே, சாமி நினைச்சா வெள்ளம் வேண்டாம், இல்லையா? அப்ப மாஷ் சொல்லிக்கொடுக்கிறது தப்பு. நான் இனி பரீட்சையில அப்படித்தான் எழுதப்போறேன்."

எழுத்துக் கூட்டத் தெரியாத தன் கையால் பிள்ளை படித்ததை அழித்துவிட்டது பேச்சியம்மாளுக்குப் புரிந்தது. தனக்குக் கிடைக்காமல் போனதை மகளுக்குக் கொடுக்கத்தானே அந்தச் சுக்குத் தூசியெல்லாம் மூக்கில் ஏறியது! ஒரு பக்கம் ஐந்து வீட்டுத் தண்ணீர். இன்னொரு பக்கம், பொய் சொல்லாமலே கள்ளி ஆகி, கண்ணால் பார்த்ததையே நம்பிக் கெட்டுப்போகிற பிள்ளை. மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி ரோஜா. ஊத்துனது நான்."

ரோஜா முதலில் நம்பவில்லை. நம்பியதும் கோபம் வந்தது. "தொடக் கூடாதுன்னு சொன்னேன்ல! எதுக்கு ஊத்துனே?"

"காஞ்சு கெடந்துச்சுட்டி. ரெண்டுக்குக் குடுத்துட்டு ஒண்ணுக்கு இல்லேன்னா... பார்க்க முடியல."

"அது பயறு அம்மே! அழுவுமா அது?" என்றாள் ரோஜா. அழுதது அவள்தான். கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு நீயே கிளாசுக்கு வந்து சொல்லணும். நான் சொன்னா ஜெயலக்ஷ்மி நம்பமாட்டா" என்றாள்.

அப்படித்தான் பேச்சியம்மாள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டாள். "செருப்போடயே வரலாம் சேச்சி" என்று ஜிதின் மாஷ் சொன்ன பிறகும் வெறுங்காலோடுதான் உள்ளே போனாள். சின்னச் சின்ன முகங்கள் எல்லாம் அவளையே பார்த்தன. தமிழும் மலையாளமுமாகக் குழறி, "ரோஜா ஊத்தல. ஞான்... நான்தான் காலையில ஊத்துனேன். அவளுக்குத் தெரியாது" என்றாள்.

ஜெயலக்ஷ்மி கையைத் தூக்கினாள். "மாஷே, அப்ப ரோஜாவோட மூணாவது சிரட்டை, மூணாவது இல்ல. அதுவும் முதலாவதுதான்!"

மாஷ் சந்தோஷத்தில் மேசையைத் தட்டினார். "அதான்! இன்னிக்குப் பாடமே அதுதான். நமக்குத் தெரியாம ஏதோ ஒண்ணு மாறியிருக்கும். அது என்னன்னு தேடணும்." பிறகு பேச்சியம்மாள் பக்கம் திரும்பினார். "வந்து சொன்னீங்களே, அது பெரிய காரியம் சேச்சி. ரோஜா மறுபடியும் செய்யட்டும்." ஜெயலக்ஷ்மி எழுந்து போய் ரோஜாவின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

சேதி பேச்சியம்மாளுக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. சாயங்காலம் ஜன்னல் திட்டில் விளக்கு இல்லை. குழாயில் பூட்டு தொங்கியது. கங்கா அவளைப் பார்த்ததும் குடத்தை ணங்கென்று வைத்தாள். "அரிச்சந்திரன் பொண்டாட்டி வந்துட்டா. போய் உன் சத்தியத்துல துணி துவை."

பேச்சியம்மாள் இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் கமலாக்ஷி சேச்சியின் வாசலுக்கே போனாள்.

"என்னைக் களிப்பிச்சு இல்லே நீ? ஏமாத்திட்டே இல்லே?" என்றாள் சேச்சி, முட்டியைத் தேய்த்துக்கொண்டே. "பயறைக் காட்டிப் பறிச்ச வெள்ளம்."

"நான் தேவின்னு சொல்லலையே சேச்சி. நீங்க சொன்னீங்க, நான் சும்மா இருந்தேன். அது என் தப்புதான்." கொஞ்சம் நிறுத்தினாள். மகள் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. ஒன்றை மட்டும் மாற்றினால் எதனால் எது நடக்கிறது என்று தெரிந்துவிடும். "ஆனா ஒண்ணு கேக்கணும். குழாயைத் திறந்தா டாங்கி வத்திரும்னு நாங்க வந்த நாள்லேருந்து சொல்றீங்க. இத்தனை நாள் திறந்தே கெடந்துச்சு. போர்வைகூடத் துவைச்சோம். டாங்கி வத்துச்சா?"

சேச்சி முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"ஒருநாளாச்சும் உங்க வீட்டுக்குத் தண்ணி இல்லாமப் போச்சா?"

"அது... தேவி இருந்தா."

"தேவி இல்லேன்னு ஆயிருச்சே சேச்சி. அப்பவும் தண்ணி இருந்துச்சுல்ல? தேவிக்குத் திறந்த குழாய பிள்ளைகளுக்குத் திறக்கக் கூடாதா?"

வீட்டைக் காலிசெய்யச் சொன்னால் பள்ளுருத்திப் பக்கம் போய் எங்கே வீடு தேடுவது என்று ஒரு மூலையில் பேச்சியம்மாளின் மனசு கணக்குப் போட்டது. சேச்சி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை திறந்த குழாய் பூட்டப்படவில்லை. சாயங்காலமும் திறந்தே இருந்தது. கங்கா நம்பாமல் இரண்டு தடவை திருகிப் பார்த்தாள். ஜன்னலிலிருந்து சேச்சியின் குரல் வந்தது: "தேவி கனவுல வந்து சொன்னா. அதுக்காகத் திறந்தேன். வேற யாரும் சொல்லி இல்லே!"

"கனவுலயும் தம்ளர் வெச்சிருந்தாளா சேச்சி?" என்று கங்கா கேட்டாள். முற்றமே சிரித்தது. கங்கா தன் குடத்தைப் பிடிப்பதற்கு முன்னால் பேச்சியம்மாளின் குடத்தை இழுத்துக் குழாயடியில் வைத்தாள்.

ரோஜா மறுபடியும் மூன்று சிரட்டை வைத்தாள். இந்தத் தடவை பேச்சியம்மாள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டே தண்ணீர் குடித்தாள். முதல் சிரட்டையில் பச்சை நெருங்கி வந்தது. பெட்டிக்குள் இருந்தது வெளிறிப்போய் நெடுநெடுவென்று வளைந்தது. மூன்றாவது மண் அசையவில்லை. ரோஜா மூன்றையும் பள்ளிக்குக் கொண்டுபோய்க் காட்டி, எழுதி, கையெழுத்து வாங்கிவந்தாள்.

"அம்மே, முடிஞ்சது. இனி நீ ஊத்தலாம்."

"செத்ததுக்கு எதுக்குட்டி ஊத்த?"

"ஊத்திப் பாரேன்."

தம்ளரின் அடியில் இருந்ததை ஊற்றவில்லை. குழாயடிக்குப் போய் முழுத் தம்ளர் பிடித்துவந்து ஊற்றினாள். இரண்டு நாள் கழித்து மண் லேசாக வெடித்தது. ஒரு வெள்ளைக் கழுத்து வளைந்து மேலே வந்தது. பேச்சியம்மாள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தனை நாளும் உசுரோடவா இருந்துச்சு?"

"பின்னே? வெள்ளம் கிட்டல, அவ்வளவுதான்."

சிரட்டையின் மேல் மகள் எழுதிய சாக்பீஸ் எழுத்தை அவள் விரலால் தொட்டாள். "இதுல என்னட்டி எழுதியிருக்கு?"

"வெள்ளம் இல்ல."

"எது வெள்ளம்? எது இல்ல?"

ரோஜா அம்மாவின் விரலைப் பிடித்து முதல் சொல்லின் மேல் வைத்தாள். பிறகு அடுத்த சொல்லின் மேல் நகர்த்தினாள்.

பேச்சியம்மாள் தம்ளரில் விரலை நனைத்து, 'இல்ல' என்ற அந்த இரண்டாவது சொல்லை மட்டும் அழித்தாள். முதல் சொல்லை அழிக்காமல் விட்டு, அதன் வளைவுகளின் மேல் விரலை மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு முதலிலிருந்து மறுபடியும் ஓட்டினாள்.