காலிப் பெட்டி காப்பாற்றிய கழுத்து

உத்தமபாளையம் பக்கம் திராட்சைப் பந்தலில் குலை வெட்டுவது என் வேலை. நான் குள்ளம், நாள் முழுக்க அண்ணாந்தே நிற்பேன். கழுத்தும் தோளும் வலித்து, விரல்கள் மரத்துப்போயின. சுளுக்கென்று நினைத்து, கழுத்தைத் திருகிச் சொடுக்கெடுப்பவரிடம் கிளம்பினேன்.

"டாக்டரம்மா இருக்காக, மொதல்ல அங்கன காட்டுவோம் மதினி" என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப்போனாள் நாத்தனார்.

எப்படி வெட்டுவேன் என்று செய்துகாட்டச் சொன்னார் டாக்டர். "நரம்பு அழுந்தியிருக்கும்மா. திருகியிருந்தா கையே விளங்காமப் போயிருக்கலாம்" என்றார். மாத்திரை தந்து, பயிற்சி சொல்லிக்கொடுத்து, குலை முகத்துக்கு நேராக வரும்படி ஏறி நிற்கச் சொன்னார்.

இப்போது காலிப் பழப்பெட்டியைக் கவிழ்த்து அதன்மேல் நின்றுதான் வெட்டுகிறேன். வலி விட்டது. என்னைப் பார்த்து மற்ற பெண்களும் ஏறிவிட்டார்கள்.

"பழம் போடப் பெட்டி எங்கத்தா?" என்று தேடுகிறார் தோட்டக்காரர்.

"டாக்டரம்மாகிட்டப் போய்க் கேளுங்க" என்கிறோம்.