விரலில் ஒட்டிய பஞ்சாமிர்தம்

எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை. மலேசியாவில், கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒன்று, அவ்வளவு போதும். அதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் போன வருஷம் என் கணவர் படுத்திருந்தார். சளிக்காய்ச்சல் நுரையீரலில் இறங்கி, கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது. தொண்டையில் ஒரு குழாய், மூக்கில் ஒரு குழாய், வலது மணிக்கட்டில் ரத்தக்குழாய்க்குள்ளேயே செருகிய ஓர் ஊசி. விழுந்துவிட்ட பிரஷரைத் தூக்கி நிறுத்த ஒரு மருந்து ஓடிக்கொண்டே இருந்தது. அவருடைய விரல்களைத் தொட்டால் சில்லென்று இருக்கும். ஊறப்போட்ட மொச்சை மாதிரி வீங்கியும் இருந்தன.

பல வருஷத்து இனிப்பு நீர் வியாதி வேறு. அதற்கு இன்சுலின் பம்ப். மணிக்கொரு தடவை மிஸி, அதாவது நர்ஸ், வந்து இடக்கை விரலில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கையடக்க மெஷினில் வைத்துப் பார்ப்பார். இங்கே சர்க்கரையை எட்டு, ஒன்பது என்றுதான் அளப்பார்கள். எட்டு என்றால் நிம்மதி. இருபதை நெருங்கினால் இன்சுலினைக் கூட்டுவார்கள். மூன்றுக்குக் கீழே போனால் மூளை பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். நுரையீரல் தேறிவிடும், மூளையைத்தான் பத்திரமாகக் கரை சேர்க்க வேண்டும் என்று முதல் நாளே சொன்னார்கள். துறைமுகத்தில் லோரிகளை அனுப்பும் வேலை அவருக்கு. எந்த லோரி எங்கே நிற்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அந்த மண்டை எனக்குத் திரும்ப வேண்டும். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

கொழுந்தன் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். அண்ணன் மேல் பாசம் உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாசத்துக்கு எப்போதும் நாலு பேர் பார்க்க வேண்டும். அன்றைக்கு மத்தியானப் பார்வை நேரத்துக்குக் கோயிலிலிருந்து நேராக ரயில் பிடித்து வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் பை. ஒருவர் ஒருவராகத்தான் விடுவார்கள். அவர் போய்விட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் போனபோது கர்ப்பூர வாசனை அடித்தது. விபூதி பூசியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

சாயந்திரம் மறுபடி உள்ளே போனால் கட்டிலருகே ஒரு சின்ன டாக்டர், நம் ஆள்தான், முகத்தைச் சுளித்துக்கொண்டு நிற்கிறார். மத்தியானம் எட்டாக இருந்த சர்க்கரை பத்தொன்பதுக்கு ஏறிவிட்டதாம். மணிக்கு மணி இன்சுலினைக் கூட்டியும் இறங்கவில்லையாம்.

"ஆன்டி, இனிப்பு ஏதாச்சும் குடுத்தீங்களா? நம்ம ஆளுங்கதான் வாய கட்டமாட்டாங்களே லா" என்றார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். அவர் வாயைக் கட்டிவைத்ததே இவர்கள்தானே, பிளாஸ்திரி போட்டு. குழாய்க்கும் பல்லுக்கும் நடுவில் எதை ஊட்டுவது? இந்தியன் என்றால் இனிப்பு, இந்தியப் பொண்டாட்டி என்றால் திருட்டுத்தனமாக ஊட்டுகிறவள். இத்தனைக்கும் அந்தப் பிள்ளை எங்கள் ஊர்க்காரர். மிஸி மலாயில் அதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அப்போதுதான் எறும்பைப் பார்த்தேன். இடது கை விரல் இடுக்குகளில் வரிசை கட்டிப் போய்க்கொண்டிருந்தது. கதவருகே நின்று எட்டிப்பார்த்த கொழுந்தன், "பாத்தீங்களா அண்ணி, ஒடம்பு பூரா சக்கரை. எறும்பே மொய்க்குது" என்றார். சின்ன டாக்டரும் தலையை ஆட்டினார். படித்த பிள்ளை.

குனிந்து அந்தக் கையை முகர்ந்தேன். வாழைப்பழம், தேன், ஏலக்காய். பிசுபிசுவென்று என் விரலிலும் ஒட்டியது. பஞ்சாமிர்தத்தைக் கண்டு குமட்டுகிற நாளும் வரும் என்று நான் நினைத்ததில்லை.

கதவுப் பக்கம் போய்க் கொழுந்தனிடம் மெதுவாகக் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்.

"வாயிலதான் டியூப் இருக்கே அண்ணி. சாமி பிரசாதம், ஒடம்புல பட்டா போதும்னு வெரல்ல தடவிவிட்டேன்."

கையில் பஞ்சாமிர்தம் ஒட்டியிருக்கிறது என்று மட்டும் மிஸியிடம் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டுத்தான் குத்தினேன் என்றார். ஸ்பிரிட்டில் தேன் போகுமா? பாத்திரம் கழுவுகிற யாருக்கும் தெரிந்த விஷயம். கையைக் கழுவிவிட்டு இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். அடுத்த மணி பார்க்கலாம், இன்சுலின் இப்போதுதான் கூட்டியிருக்கிறது என்றார். நான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை முந்தானையில் ஊற்றி அந்தக் கையைத் துடைக்க ஆரம்பித்தேன். தொடக்கூடாது என்று சத்தம் போட்டார்கள். நானும் போட்டேன். இந்த அமர்க்களத்தில்தான் பெரிய டாக்டர் வந்தார்.

அந்த அம்மாள் என் கணவரின் விரலைத் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டு ஊசியிலிருந்து ரத்தம் எடுத்து, மூலையில் இருந்த பெரிய மெஷினில் வைக்கச் சொன்னார். நிமிஷத்தில் விடை வந்தது. ஒன்று புள்ளி நாலு. விரலில் இருந்த தேனை அளந்து, அதற்கு இன்சுலின் ஏற்றியிருக்கிறார்கள்.

பிறகு எல்லோரும் ஓடினார்கள். குளுக்கோஸை ஏற்றினார்கள். என்னை வெளியே தள்ளினார்கள்.

மறுநாள் பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்துப் பேசினார். பிரஷர் விழுந்து, விரல் சில்லிட்டு வீங்கிக் கிடக்கிற நோயாளிக்கு விரலில் குத்திப் பார்ப்பதை நம்பக்கூடாதாம், பஞ்சாமிர்தம் இல்லாவிட்டாலும் அது தப்பாகக் காட்டலாமாம். அப்படியென்றால் ஏன் குத்தினீர்கள் என்று கேட்டேன். வழக்கமாக அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். மணிக்கட்டில் ஊசி இருக்கிறது, மூலையில் மெஷின் இருக்கிறது, ஆனாலும் கைக்கு எட்டியதைக் கொண்டு குத்துவது வழக்கம். அந்த வழக்கத்தைக் கேட்டதும் எனக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

கையில் தடவியது யார் என்று அவர் கேட்டபோது கொழுந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் காட்டிக்கொடுக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஆளின் பெயரை வாயால் சொல்லவே அருவருப்பாக இருந்தது.

வார்டு கதவில் புதிதாக ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். பிரசாதம், உணவுப் பொருள் கொண்டுவரத் தடை. மலாயிலும் ஆங்கிலத்திலும் சின்னதாக, தமிழில் பெரிய எழுத்தில். விரலில் குத்துகிறவர்களுக்கு எந்த மொழியிலும் எதுவும் ஒட்டவில்லை.

நுரையீரல் அவர்கள் சொன்னபடியே தேறியது. மயக்க மருந்துகளைக் குறைத்தார்கள். ஆனால் அவர் கண் திறக்கவில்லை. கிருமியாலா, சர்க்கரை இறங்கியதாலா என்று கேட்டால், பிரித்துச் சொல்ல முடியாது என்றார்கள். பிரித்துச் சொல்ல முடியாதது அவர்களுக்கு எவ்வளவு வசதி.

பிறகு ஒரு நாள் காலையில் கூப்பிட்டார்கள். கண் திறந்துவிட்டார், தொண்டைக் குழாயும் எடுத்தாகிவிட்டது. எனக்கு முன்னால் கொழுந்தன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, முருகன் கைவிடவில்லை, பிரசாதம் வீண்போகவில்லை என்று வராந்தா முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

என் கணவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் வற்றியிருந்தது, ஆனால் அவர் முகம்தான். பக்கத்தில் போய்க் கையைப் பிடித்தேன். இப்போது சூடாக இருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டை கட்டிப்போய்க் காற்றாகத்தான் குரல் வந்தது.

"மிஸி, என் வைஃப் வெளிய உக்காந்திருப்பா. சாப்பிட்டிருக்கமாட்டா. அவள கொஞ்சம் உள்ள விடுங்க."

கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்ப உள்ளே வந்தேன். அவர் என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.