கன்னிவாடியில் இறங்கிய மேகம்

கொடைக்கானல் மூடுபனி என் லாரிக்குப் பின்னாலேயே மலையிறங்கி வருகிறது என்றுதான் முதலில் நம்பினேன். சிரிக்காதீர்கள். அறுபதுகளில் மலைமேல் கவுஞ்சியில் விளையும் உருளைக்கிழங்கையும் பீன்ஸையும் ஏற்றிக்கொண்டு கீழ்நாட்டுச் சந்தைகளுக்கு ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். மலையடிவாரத்துக் கன்னிவாடியைத் தாண்டும்போது, உச்சிவெயிலில், கண்ணெதிரே வெள்ளையாகப் படர்ந்தது. லைட்டைப் போட்டேன்.

பக்கத்தில் மச்சான். என் மனைவியின் அண்ணன். லாரிக்குச் சொந்தக்காரரும் அவர்தான்.

“ஏலே மாப்ளே, பட்டப்பகல்ல எதுக்கு லைட்டு?”

“மேகம் எறங்குது மச்சான்.”

“இங்க மழைக்கே மேகத்தக் காணோம்னு சனம் அழுதுகிட்டுக் கெடக்கு. ஒனக்கு மட்டும் எங்கிருந்து எறங்குது? இங்கிட்டுத் திரும்பு, கண்ணப் பாப்போம்.”

இடது கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. உடம்புச் சூடு என்று தீர்ப்பாயிற்று. தலையில் விளக்கெண்ணெய், கண்மேல் நந்தியாவட்டைப் பூ. கொடைக்கானல் குளிரில் விளக்கெண்ணெய் தேய்த்தால் சூடு போகாது, உயிர்தான் போகும். கண் அப்படியே இருந்தது. வெளிச்சம் பட்டால் உள்ளே ஆணி இறங்கியது.

நான் குருடனாக இருக்கப் பழகத் தொடங்கினேன். இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு கொல்லைக்கு நடந்து, முள்ளங்கிப் பாத்தியில் விழுந்தேன். பழனி அடிவாரத்தில் எங்கே துண்டை விரிப்பது என்றுகூட முடிவு செய்துவிட்டேன். நிழல் உள்ள இடம்.

மச்சான் டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, “வயிறு எப்படி இருக்கு?” என்றார்.

டயர் பஞ்சர் என்று போனால் ஹாரன் அடிக்கிறதா என்று கேட்கிற மாதிரி இருந்தது.

“வயித்துக்கென்னங்க, கல்லத் தின்னாலும் செரிக்கும்” என்றேன்.

கல் செரித்ததோ இல்லையோ, சில வருஷங்களாகவே ரத்தமும் சளியுமாகப் போய்க்கொண்டிருந்தது. மலைப்பாதையில் டிரைவர்கள் ஏதாவது ஒரு கோயிலில் நிறுத்திச் சூடம் கொளுத்துவார்கள். நான் எல்லாக் கோயிலிலும் நிறுத்துவேன். சூடம் அணைவதற்குள் பாறைக்குப் பின்னால் போய்வந்துவிடுவேன். மச்சான் ஊரெல்லாம் என் பக்தியைச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவர் தோளுரச நிற்கும்போது டாக்டரிடம் எந்த வாயால் சொல்ல?

சொட்டு மருந்தில் கண் கொஞ்சம் தெளியும். வயிறு கடுத்தால் மறுபடி சிவக்கும். ஒவ்வொரு தடவையும் தெளிவது குறைந்தது. ஒருநாள் சூடத்தை லாரியிலேயே மறந்துவிட்டு ஓடினேன். அதை எடுத்துக்கொண்டு மச்சான் பாறைக்குப் பின்னால் வந்துவிட்டார்.

“சாமி இங்கிட்டா இருக்கு மாப்ளே?” என்று கேட்டவர், தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்ததும் என்னை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டாக்டரிடம் அவரேதான் சொன்னார்.

“குடல்ல புண்ணு இருக்கு. அந்தச் சீக்குதான் கண்ணையும் புடிச்சிருக்கு” என்றார் டாக்டர். “அப்பவே தெரிஞ்சிருந்தா ரெண்டுக்கும் சேத்து வைத்தியம் பாத்திருக்கலாம்.”

“இப்ப?” என்று கேட்டதும் மச்சான்தான்.

டாக்டர் கை விளக்கை அணைத்து மேசைமேல் வைத்தார்.

இடது கண்ணில் பார்வை திரும்பவில்லை. லாரிக்கு வேறு டிரைவர் வந்தார். வயிறு, மருந்து தின்றும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.