கல்லின் நடுவே இல்லாத கொழுப்பு

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் கல்லக்கா. பழங்காலப் பாறையைப் பொடித்து, என்றோ செத்த நுண்ணுயிர் விட்டுப்போன கொழுப்பின் மிச்சத்தைத் தேடுவது அவள் வேலை. பாக்டீரியா, பார்க்க அதைப் போலவே இருந்தாலும் வேறு இனமான ஆர்க்கியா, நம்மைப் போல் உட்கரு உள்ள செல்களால் ஆனவை என்று உயிர்களுக்கு மூன்று பெருங்கிளைகள். எந்தக் கிளை எப்போது வந்தது என்பதற்குக் கல்தான் சாட்சி.

இருநூற்று எழுபது கோடி ஆண்டு வயதான பாறையில் உட்கரு செல்லின் கொழுப்பை அவள் கண்டபோது கூடமே துள்ளியது. தலைவர் செய்தியாளர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவளுக்கு மட்டும் உறுத்தல். அத்தனை காலம் வெந்து நசுங்கிய கல்லில் கொழுப்பு எப்படி இவ்வளவு புதிதாக இருக்கும்?

கணவர் கிணறு தோண்டும் இயந்திரம் ஓட்டுபவர். சாப்பிடும்போது கேட்டாள்.

"ஏங்க, பாறையில துளை போடுறப்ப எண்ணெய் ஊத்துவீங்களா?"

"பின்ன? அது என்ன வெண்ணெயா, வழுக்கிக்கிட்டுப் போக?"

மறுநாள் பாறைத் துண்டை ஓரத்திலிருந்து நடுவரை வில்லை வில்லையாக அறுத்து, தனித்தனியே சோதித்தாள். ஓரத்தில் கொழுப்பு மண்டிக் கிடந்தது. உள்ளே போகப்போகக் குறைந்தது. நடுவில் சுத்தமாக இல்லை. துளை போட ஊற்றிய எண்ணெய் வெளியிலிருந்து ஊறியிருந்தது; அந்த எண்ணெயே உட்கரு உள்ள பாசிகள் மக்கி உண்டானதுதான்.

தலைவர் முகம் சுண்டிப்போனது. "ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சாச்சேம்மா!"

"அடிச்ச கையாலயே இதையும் அடிச்சிடலாம் சார். இன்னொருத்தர் கண்டுபிடிச்சா மானம் போகும். நாமளே சொன்னா நிமிர்ந்து நிக்கலாம்."

அவர் செய்தியாளர்களை மறுபடி கூப்பிட்டார். "நீயே மேடையேறிச் சொல்லு."

ஏறினாள். நடந்ததை அப்படியே சொன்னாள். முன்வரிசையில் ஒருவர், "அப்ப இத்தனை வருஷ உழைப்பும் தண்டமா?" என்றார்.

"கல்லு தண்டமில்ல சார். தோண்டின விதம்தான் தப்பு. எண்ணெய் இல்லாம தோண்டித் தாங்க, பேசுறேன்."

தந்தார்கள். தண்ணீர் மட்டும் விட்டுத் தோண்டிய அந்தப் பாறையில் உட்கரு செல்லின் சுவடே இல்லை. ஆனால் கல்லோடு கல்லாக இறுகிய கரியில் எடை குறைந்த வகைக் கரி அணுக்கள் வழக்கத்தைவிட மிக அதிகமாக இருந்தன. மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா வாழ்ந்த இடத்தில்தான் பெரும்பாலும் கரி அப்படி இருக்கும். அது வெளியிலிருந்து ஊறக்கூடியதும் அல்ல. ஓரத்திலும் நடுவிலும் ஒரே அளவு.

அன்று மாலை வாசலிலேயே கணவரைப் பிடித்துக்கொண்டாள். "ஆர்க்கியா அப்பவே குடியிருந்திருக்குங்க!"

"சரி, நம்ம கூட்டம்?"

"நாம பொறுமையா வந்திருக்கோம். இன்னும் இளசான கல்லுல தேடணும்" என்றாள். அடுத்த வாரமே அப்படிப்பட்ட பாறை ஒன்று வந்தது. முதல் வேலையாக அதன் நடுவைத்தான் அறுத்தாள்.