மூன்று முறை கேட்க வேண்டும்

கூ யுன்ஃபாங்கிடம் எதையாவது கொடுக்க வேண்டுமென்றால் மூன்று முறை கேட்க வேண்டும். முதல் முறை வேண்டாம் என்பாள், அது மரியாதை. இரண்டாம் முறை எனக்கெதற்கு என்பாள், அது அடக்கம். மூன்றாம் முறை கேட்டால் ஒரு பெருமூச்சு விட்டு வாங்கிக்கொள்வாள். சீனாவில், ஷாவ்சிங் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை. நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், பக்கத்து வீட்டுக்காரி நீட்டிய கேக்கை முதல் முறை மறுத்துவிட்டு, அவள் தட்டோடு திரும்பிப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முப்பத்திரண்டு வருடம் ஆகியும் திருந்தவில்லை.

அவள் பாடம் நடத்தும் ஞாயிறு சீனப் பள்ளிக்கு முப்பதாவது ஆண்டு விழா வந்தது. தலைமை ஆசிரியர் டெரிக் பான் ஏப்ரலில் ஒரு நாள் தாழ்வாரத்தில் அவளை நிறுத்தினான். முப்பத்தாறு வயது. இங்கேயே பிறந்தவன். ஆறு வயதில் அவளுடைய முதல் வகுப்பில் மேசைக்கு அடியில் உட்கார்ந்து அழுதவன்.

"கூ டீச்சர், விழாவுல ஆசிரியர்கள் சார்பா ஒருத்தர் பேசணும். அப்புறம் குரூப் போட்டோல அவங்கதான் நடு நாற்காலி. நீங்க பேசுறீங்களா?"

அவள் நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. வாய் தன் பாட்டுக்கு வேலை பார்த்தது.

"ஐயோ, நான் எதுக்குப்பா? என் உச்சரிப்பக் கேட்டு எல்லாரும் சிரிக்கவா? நல்லா பேசுறவங்க யாரையாவது கேளு."

"நிச்சயமாவா டீச்சர்?"

"நிச்சயமா. எனக்கெல்லாம் அது பொருந்தாது."

"சரி டீச்சர். உங்க விருப்பத்தை மதிக்கிறேன்" என்று தலையை ஆட்டிவிட்டு டெரிக் போய்விட்டான்.

யுன்ஃபாங் அங்கேயே நின்றாள். மூலையில் திரும்புவதற்குள் அவன் நின்று ஒரு முறை திரும்பிப் பார்ப்பான், 'நீங்கதான் டீச்சர், வேற பேச்சே இல்ல' என்பான் என்று காத்திருந்தாள். அவன் திரும்பவில்லை. அவனுக்குச் சீனம் பேச வரும், ஓரளவு எழுதவும் வரும். ஆனால் மூன்று முறை கேட்க வேண்டும் என்பது எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. அவனுக்குப் பாடம் நடத்தியவளும் அவள்தான்.

அன்று மாலை பள்ளியின் கைபேசிக் குழுவில் செய்தி வந்தது: ஆசிரியர்கள் சார்பில் சியூ மான்லி பேசுவார். கீழே வரிசையாகக் கைதட்டும் கைகள். யுன்ஃபாங் எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தேழு.

கணவர் ஷோவென் அடுப்படியில் உலர்கீரை போட்டுப் பன்றி இறைச்சி வேகவைத்துக்கொண்டிருந்தார்.

"நீதான வேண்டாம்னு சொன்ன?" என்றார்.

"சொன்னேன். அவன் திரும்பக் கேக்கணும்ல?"

"நிச்சயமாவான்னு கேட்டானே."

"அது ரெண்டு. மூணு எங்க?"

"பையன் இந்த ஊர்ல பொறந்தவன். இங்க ஒருத்தி வேண்டாம்னா வேண்டாம்னுதான் அர்த்தம்."

"சரி, அந்த மான்லியக் கேட்டப்போ அவ எத்தன தடவ வேண்டாம்னாளாம்? ஒரு தடவகூட இல்ல. 'ரொம்ப சந்தோஷம்'னாளாம். பெய்ஜிங்காரி. கொஞ்சமாவது வெக்கம் வேண்டாம்?"

ஷோவென் மூடியைத் திறந்து ஆவியை முகத்தில் வாங்கிக்கொண்டார். மான்லி பேச்சு எடுத்தால் அவர் எப்போதும் பாத்திரத்துக்குள் பார்ப்பார்.

பொறாமையா என்று யாராவது கேட்டிருந்தால் யுன்ஃபாங் இல்லவே இல்லை என்றிருப்பாள். மூன்று முறை கேட்டாலும் அதே பதில்தான். ஆனால் அது பொறாமைதான், இருபத்திரண்டு வருடம் ஊறிய பொறாமை.

பள்ளி தொடங்கியபோது மான்லி இந்த நாட்டிலேயே இல்லை. ஒரு தேவாலயத்தின் நிலவறை, பதினோரு பிள்ளைகள், மடக்கு மேசைகள். வாரம் ஐந்து நாள் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவிய யுன்ஃபாங், ஞாயிற்றுக்கிழமை அதே கையில் சாக்பீஸ் பிடித்தாள். பிள்ளைகள் பெருகியதும் ஊர் நடுநிலைப் பள்ளியின் வகுப்பறைகளை வாடகைக்கு எடுத்தார்கள். அங்கே ஒரு கண்டிப்பான விதி உண்டு. உள்ளே நுழைந்ததும் மேசை நாற்காலிகளைப் போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும். போகும்போது அந்தப் போட்டோவில் இருப்பதுபோலவே வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு பென்சில் இடம் மாறினால்கூடத் திங்கட்கிழமை புகார் வரும். அந்தப் பொறுப்பு முழுக்க யுன்ஃபாங்குடையது. அத்தனை வருடமும் அடுத்தவர் அறையில் பாடம் நடத்தி, தன் கையெழுத்தைத் தானே அழித்துவிட்டு வந்தவள். அவளுக்கென்று அங்கே ஓர் ஆணிகூடக் கிடையாது.

மான்லி வந்தது எட்டாவது வருடத்தில். கழுத்தில் பட்டுத்துணி, வானொலியில் செய்தி வாசிப்பதுபோல ஒரு குரல். யுன்ஃபாங் பேசினால் ஷாவ்சிங் வாடை அடிக்கும். நாக்கை மடிக்க வேண்டிய இடத்தில் மடியாது. மான்லி வந்த இரண்டாவது மாதமே பெற்றோர்கள் அலுவலகத்தில் மெதுவாகக் கேட்க ஆரம்பித்தார்கள், எங்கள் பிள்ளையைச் சியூ டீச்சர் வகுப்புக்கு மாற்ற முடியுமா என்று. காரணம் கேட்டால் நேரம் ஒத்துவரவில்லை என்பார்கள். இரண்டு வகுப்பும் ஒரே நேரம்தான். அந்த வருடம் யுன்ஃபாங் வகுப்பில் மிஞ்சியது ஆறு பேர். ஆசிரியர் தினத்துக்கு மான்லிக்கு ஆர்க்கிட் தொட்டி வரும். யுன்ஃபாங்குக்குக் கைக்குத் தடவும் கிரீம் வரும். வீட்டில் பதினேழு டப்பா சேர்ந்திருந்தது, ஒன்றையும் திறக்கவில்லை.

இதில் வயிற்றெரிச்சலைக் கூட்டியது என்னவென்றால், மான்லி நல்லவள். கண்டால் "யுன்ஃபாங் அக்கா" என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். திட்டக்கூடப் பிடி கொடுக்காத பெண்ணை என்ன செய்வது?

ஜூன் மாதம் விழாவுக்கு முந்தின சனிக்கிழமை, உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டோவுக்கு முன்வரிசை நாற்காலிகள் போட்டார்கள். பத்தொன்பது. ஒவ்வொன்றின் முதுகிலும் பெயர் எழுதிய சிவப்புத் தாள் ஒட்டவேண்டும். பெயர்களைத் தூரிகையால் எழுதியவர் ஷோவென். ஒட்டுகிற வேலை, நாற்காலி சம்பந்தப்பட்ட எல்லா வேலையையும்போல, யுன்ஃபாங்குடையது. டெரிக் கொடுத்த பட்டியல்படி பத்தாவது, அதாவது நட்டநடு நாற்காலியில், சியூ மான்லி. இடமிருந்து நாலாவதில் கூ யுன்ஃபாங்.

பட்டியல்படியே ஒட்டினாள். விளக்கை அணைத்தாள். கதவுவரை போனாள். பிறகு திரும்பி வந்து விளக்கைப் போட்டாள்.

மான்லியின் தாள் சுலபமாக உரிந்து வந்தது. நடு நாற்காலியில் தன் பெயரை ஒட்டி, உள்ளங்கையால் நாலு முறை அழுத்தித் தேய்த்தாள். மான்லியைத் தன்னுடைய நாலாவது இடத்திலாவது வைத்திருக்கலாம். மனம் வரவில்லை. கூடைப்பந்துக் கம்பத்தின் அடியில், கடைசி நாற்காலிக்கு அனுப்பினாள். கடைசியில் இருந்த நடன ஆசிரியைக்கு நாலாவது இடம் கிடைத்தது. யாராவது கேட்டால் தன் வீட்டுக் கிழவர் கண்ணாடி போடாமல் ஒட்டிவிட்டார் என்று சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாற்காலி, ஒரு நாள், தன் பெயர் போட்டது. இதைக்கூடக் கேட்கக் கூடாதா என்று தன்னையே கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் கூடம் நிறைந்தது. பழைய மாணவர்கள் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மான்லி மேடையேறினாள். கையில் காகிதம் இல்லை.

"ஒரு தேவாலயத்தோட நிலவறை" என்று தொடங்கினாள். "பதினோரு பிள்ளைங்க. ஒரு மேசைக்குக் கால் ஆடும். டீச்சர் தன்னோட மதியச் சாப்பாட்டு டப்பாவ அந்தக் காலுக்கு முட்டுக் கொடுத்துட்டு, பசியோட பாடம் நடத்துவாங்க."

யுன்ஃபாங்குக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த டப்பா விஷயம் உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். பக்கத்தில் திரும்பினாள்.

"நீ சொன்னியா?"

"போன வாரம் போன் பண்ணுச்சு. கேட்டுச்சு" என்றார் ஷோவென், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எத்தன தடவ மறுக்கிறது?"

"நீ ஒரு தடவையாவது மறுத்தியா கிழவா?"

கூடம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். குடுவை கழுவி வெடித்த விரல்களைப் பற்றி மான்லி சொன்னாள். பனி கொட்டிய ஞாயிறு ஒன்றில் ஒரே ஒரு பிள்ளை வந்ததையும், அந்த ஒரு பிள்ளைக்கு முழுப் பாடமும் நடந்ததையும் சொன்னாள். எல்லாம் நிஜம். அத்தனையும் யுன்ஃபாங்கின் வாழ்க்கை. அவளே வீட்டில் பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறாள். ஷோவென் கொட்டாவி விடுவார், மகள் போனைப் பார்ப்பாள். இப்போது அதே கதைக்கு முன்னூறு பேர் அழுதார்கள். தன் வாழ்க்கைகூட மான்லி வாயில்தான் நன்றாக இருக்கிறது என்று யுன்ஃபாங்குக்குப் புரிந்தது. புரிந்ததும் முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"அந்த டீச்சர் பேரு கூ யுன்ஃபாங்" என்று மான்லி முடித்தாள். பெயரைக்கூடச் சுத்தமாகச் சொன்னாள். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. பாதி எழுந்து பாதி உட்கார்ந்த நிலையில் யுன்ஃபாங் தலையைக் குனிந்தாள்.

பிறகு போட்டோ. எல்லோரும் நாற்காலிகளை நோக்கி நகர்ந்தார்கள். டெரிக் நடு நாற்காலியைப் பார்த்தான், கையிலிருந்த பட்டியலைப் பார்த்தான், வரிசையின் கடைசியைப் பார்த்தான்.

"ஒரு நிமிஷம், இது மாறியிருக்கு போலயே" என்றான்.

யுன்ஃபாங்கின் முகத்தில் ஈயாடவில்லை. கிழவர், கண்ணாடி என்று மனப்பாடம் செய்துவைத்த எதுவும் நாக்குக்கு வரவில்லை.

"பட்டியல்தான் தப்பு டெரிக்" என்றாள் மான்லி. "நாற்காலி சரியாத்தான் இருக்கு. உக்காருங்க அக்கா."

வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள் யுன்ஃபாங். ஆனால் அறுபத்தெட்டு வருடப் பழக்கம் பல்லுக்கு அடங்குமா?

"ஐயோ, வேண்டாம். பேசினவங்கதான் நடுவுல."

"உக்காருங்கக்கா. உங்களுக்கு அப்புறம்தான் நாங்க எல்லாரும்."

"எனக்கெதுக்கு மான்லி, நான் ஓரமா இருந்துக்கிறேன்."

டெரிக் சரி என்பதுபோலத் தலையாட்டத் தொடங்கினான். மான்லி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். பிறகு யுன்ஃபாங்கின் காதருகே குனிந்தாள். பட்டுத்துணியில் லேசாக மல்லிகை மணம்.

"நேத்து சாயங்காலம் மேடைல பேசிப் பாக்க வந்தேன்க்கா. அப்பவே பாத்துட்டேன்" என்றாள் மெதுவாக. நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மூணாவது தடவையாக் கேக்கறேன். உக்காருங்க."

ஏப்ரலிலிருந்து காத்திருந்த மூன்றாவது தடவை அது. கேட்க வேண்டிய முறையில், கேட்க வேண்டிய கூட்டத்தின் முன்னால், ஒரு குறையும் இல்லாமல் கேட்டாகிவிட்டது. ஆனால் கேட்டவள் மான்லி. யுன்ஃபாங் பெருமூச்சு விட்டாள், உட்கார்ந்தாள். திருடிய நாற்காலி, இப்போது தானமாக வந்திருந்தது.

மான்லி வரிசையின் கடைசிக்கு நடந்து போய், கம்பத்தின் அடியில் உட்கார்ந்து, பட்டுத்துணியைச் சரிசெய்துகொண்டாள். போட்டோக்காரர் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினார்.

இரண்டு வாரத்தில் படம் வந்தது. நடுநிலைப் பள்ளி ரொம்பப் பெருந்தன்மையாகத் தாழ்வாரத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்துக்கொள்ள அனுமதி தந்தது. கதவளவு பெரிய படம். ஞாயிறுதோறும் எல்லோரும் அதைக் கடந்துதான் வகுப்புக்குப் போகிறார்கள். பிள்ளைகள், பெற்றோர், ஆசிரியர் என்று இருநூற்றுச் சொச்சம் முகங்கள் நேராகப் பார்த்துச் சிரிக்கின்றன. நடு நாற்காலியில் இருப்பவள் மட்டும் கழுத்தைத் திருப்பி, வரிசையின் கடைசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.